பெற்றோரின் சொத்துக்கு நீதிமன்றக் காப்பாளர்: ஒரு சட்ட வரலாறு

முதுமை, மறதி நோய், பக்கவாதம், விபத்து போன்ற காரணங்களால் தம் வரவு செலவைத் தாமே பார்த்துக்கொள்ள இயலாமல் போன ஒருவருக்காக, அவருடைய பணத்தையும் சொத்தையும் நிர்வகிக்க நீதிமன்றம் நியமிக்கும் நபர் அமெரிக்காவின் பல மாநிலங்களில் 'கன்சர்வேட்டர்' எனப்படுகிறார். தமிழில் இவரைச் சொத்துக் காப்பாளர் எனலாம். பல குடும்பங்களில் இப்பொறுப்பை ஏற்பவர் அந்த முதியவரின் மகனோ மகளோதான்.

தந்தையின் பெயரில் வங்கியில் பணம் இருக்கும். ஆனால் அவர் மருத்துவமனையில் நினைவின்றிக் கிடக்கும்போது அவருடைய சிகிச்சைக்குக்கூட அந்தப் பணத்தை எடுக்க முடியாது. மகன் என்ற உறவு மட்டும் கையெழுத்திடும் உரிமையைத் தருவதில்லை. இந்த நிலையில்தான் பிள்ளைகள் நீதிமன்றத்தை நாடுகின்றனர்.

இந்த ஏற்பாட்டின் வேர்கள் ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் பழமையானவை. இதன் வரலாறு முழுவதிலும் இரண்டு அச்சங்கள் தொடர்கின்றன. முதியவரால் தம் சொத்தைக் காக்க முடியாமல் போகலாம் என்பது ஒன்று. காக்க வந்தவரே அதை எடுத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. பிணைப் பத்திரம், சொத்துப் பட்டியல், ஆண்டுக் கணக்கு ஆகிய இன்றைய விதிகள் எல்லாம் இரண்டாவது அச்சத்திலிருந்து பிறந்தவை.

ஏதென்ஸ்: தந்தை மீது மகன் தொடுத்த வழக்கு

பண்டைய ஏதென்சில், ஒருவர் மனநிலை பிறழ்ந்து குடும்பச் சொத்தை அழிக்கிறார் என்று வழக்குத் தொடுக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. அரிஸ்டாட்டிலின் பெயரால் வழங்கும் 'ஏதெனியர்களின் அரசமைப்பு' என்னும் நூல், இத்தகைய வழக்குகள் ஆர்க்கான் என்னும் அதிகாரியிடம் சென்றதாகக் குறிப்பிடுகிறது. கி.மு. 423இல் மேடையேறிய அரிஸ்டோஃபனீசின் 'மேகங்கள்' என்ற நகைச்சுவை நாடகத்தில், தந்தையின் விசித்திரமான போக்கைக் காணும் மகன், அவரை மனநிலை தவறியவர் என்று வழக்கு மன்றத்தில் நிறுத்தலாமா என யோசிக்கிறான். அதைக் கேட்டு மக்கள் சிரிக்க வேண்டுமானால் அந்தச் சட்டம் அவர்களுக்குத் தெரிந்ததாக இருந்திருக்க வேண்டும்.

இவ்வகை வழக்குகளில் மிகவும் புகழ்பெற்றது நாடக ஆசிரியர் சோஃபக்ளீஸ் பற்றிய கதை. ரோமானிய அறிஞர் சிசெரோ கி.மு. 44இல் எழுதிய 'முதுமையைப் பற்றி' என்னும் நூலில் இதைச் சொல்கிறார். முதுமையிலும் நாடகம் எழுதுவதிலேயே மூழ்கியிருந்த சோஃபக்ளீஸ் குடும்பச் சொத்தைக் கவனிக்கவில்லை என்று அவருடைய மகன்கள் வழக்குத் தொடுத்தனர். தந்தை அறிவு தளர்ந்துவிட்டதால் சொத்து நிர்வாகத்தை அவரிடமிருந்து நீக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. சோஃபக்ளீஸ் அப்போது தாம் எழுதிக்கொண்டிருந்த 'கொலோனசில் ஈடிபஸ்' நாடகத்தை நீதிபதிகள் முன் படித்துக் காட்டி, இது அறிவிழந்தவன் எழுதியதாகத் தோன்றுகிறதா என்று கேட்டாராம். வழக்கு அவருக்குச் சாதகமாக முடிந்தது.

இது உண்மையில் நடந்ததா என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. ஆயினும் ஒரு முதியவருக்குத் திறன் இருக்கிறதா இல்லையா என்பதை எதைக் கொண்டு அளப்பது என்ற கேள்வியை இக்கதை தெளிவாக எழுப்புகிறது. கணக்கு வழக்கில் கவனம் இல்லாதவர் வேறொரு துறையில் முழு அறிவோடு இருக்கலாம். இந்தக் கேள்விக்குச் சட்டம் ஓரளவு விடை காண 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரை ஆயிற்று.

ரோமானியச் சட்டம்

கி.மு. 450ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட ரோமின் பன்னிரு பலகைச் சட்டத்தில், பித்துற்றவரின் உடலும் சொத்தும் அவருடைய தந்தைவழி ஆண் உறவினரின் அதிகாரத்துக்கு உட்படும் என்ற விதி இருந்தது. ஊதாரியாகச் சொத்தை அழிப்பவருக்கும் இதைப் போன்ற தடை உண்டு. இவ்வாறு பொறுப்பேற்பவர் 'குராட்டர்' எனப்பட்டார். பின்னர் உறவினர் இல்லாதபோதும், இருப்பவர் தகுதியற்றவராக இருந்தபோதும் அரசு அதிகாரிகளே குராட்டரை நியமித்தனர்.

தந்தையின் அதிகாரம் மிக வலுவாக இருந்த சமூகம் ரோம். அங்கே தந்தைக்கு மகனே காப்பாளராக வருவது முறைகேடாகக் கருதப்பட்டது. கி.பி. 138 முதல் 161 வரை ஆண்ட பேரரசர் அந்தோனினஸ் பையஸ் இதற்கு மாறாக ஓர் ஆணை பிறப்பித்தார். மகன் நேர்மையானவனாக இருந்தால், பித்துற்ற தந்தைக்கு அவனையே குராட்டராக நியமிக்கலாம் என்பது அந்த ஆணை. சட்ட அறிஞர் உல்பியன் இதைப் பதிவு செய்திருக்கிறார். பெற்றோரின் பணத்தைப் பிள்ளையே சட்டப்படி நிர்வகிக்கும் ஏற்பாட்டின் மிகப் பழைய சான்றுகளில் இதுவும் ஒன்று. இன்று நீதிமன்றங்கள் பார்க்கும் தகுதியும் நேர்மைதான்.

6ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஜஸ்டினியன் காலச் சட்டங்கள் இப்பொறுப்பை மேலும் ஒழுங்குபடுத்தின. குராட்டர் உறுதிமொழி எடுக்க வேண்டும், சொத்துப் பட்டியல் எழுத வேண்டும் என்ற விதிகள் வந்தன. இடையிடையே தெளிவு பெறும் நோயாளி, அந்தத் தெளிவான நேரத்தில் தாமே முடிவெடுக்கலாம் என்றும், அதனால் குராட்டரின் பதவி முடிந்துவிடாது என்றும் ஜஸ்டினியன் தீர்மானித்தார். காலையில் தெளிவாகவும் மாலையில் குழப்பமாகவும் இருக்கும் மறதி நோயாளியின் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் நன்கு தெரியும்.

இங்கிலாந்து: அரசரும் சான்சரி நீதிமன்றமும்

இடைக்கால இங்கிலாந்தில் இப்பொறுப்பு அரசரிடம் சென்றது. 'அரசரின் தனியுரிமை' என்று பொருள்படும் ஓர் ஆவணம் இதை வரையறுத்தது. இது வழக்கமாக 1324ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகக் கூறப்படுகிறது. அது மக்களை இரண்டு வகையாகப் பிரித்தது. பிறவியிலேயே அறிவு வளர்ச்சி இல்லாதவரின் நில வருவாயை, அவருக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, அரசரே எடுத்துக்கொள்ளலாம். இடையில் சித்தம் கலங்கியவரின் நிலத்தையோ அழியாமல் காக்க வேண்டும். அதன் வருவாயில் அவரையும் அவர் குடும்பத்தையும் பராமரிக்க வேண்டும். மிச்சத்தை அவர் குணமானதும் திருப்பித் தர வேண்டும். அரசர் தமக்கென எதையும் எடுக்கக் கூடாது. முதுமையில் நினைவிழந்தவர்கள் இந்த இரண்டாவது வகைக்கே நெருக்கமானவர்கள்.

திறனை அளக்க எளிய சோதனைகள் இருந்தன. 16ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் ஃபிட்சர்பர்ட், இருபது பென்னி நாணயங்களை எண்ணத் தெரியாதவர், தாய் தந்தை யார் என்று சொல்லத் தெரியாதவர், தம் வயது தெரியாதவர் ஆகியோரை முதல் வகையில் சேர்த்தார். இன்று மருத்துவர்கள் தேதியையும் ஊரையும் கேட்டு, எண்களைக் கழிக்கச் சொல்லிச் செய்யும் நினைவாற்றல் சோதனையின் சாயல் இதில் தெரிகிறது.

1540இல் தொடங்கிய வார்டுகள் நீதிமன்றம் 17ஆம் நூற்றாண்டில் மறைந்த பின், இவ்வழக்குகள் சான்சலர் என்னும் உயர் அதிகாரியிடம் சென்றன. ஜூரி ஒன்று கூடி, ஒருவர் சித்தம் கலங்கியவரா என்று விசாரிக்கும். ஆம் எனத் தீர்ப்பானால் உடலைப் பேண ஒருவரும் சொத்தைப் பேண ஒருவரும் நியமிக்கப்படுவர். இன்று அமெரிக்காவில் உடல்நலக் காப்பாளர், சொத்துக் காப்பாளர் என்று பிரிப்பதன் மூலம் இதுதான்.

இந்தப் பிரிவினைக்குப் பின்னால் இருந்த காரணத்தை 1765இல் வெளிவரத் தொடங்கிய தம் உரைநூலில் பிளாக்ஸ்டோன் விளக்குகிறார். வாரிசிடம் பெரும்பாலும் நோயாளியின் உடலை ஒப்படைப்பதில்லை. நோயாளி இறந்தால் அவருக்கே ஆதாயம். ஆனால் சொத்து நிர்வாகத்தை வாரிசிடமே தரலாம். நாளை தமக்கு வரப்போகும் சொத்தை அவர் பாழாக்க மாட்டார். இருந்தும் அவர் நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட வேண்டும். பிள்ளைகளின் பாசத்தைச் சட்டம் மறுக்கவில்லை. ஆனால் பாசத்தை மட்டும் நம்பியும் இருக்கவில்லை.

முதுமையால் வரும் தளர்ச்சியைச் சட்டம் ஏற்க நாளாயிற்று. 1744இல் சான்சலர் ஹார்ட்விக், வெறும் மனத்தளர்ச்சி போதாது, சித்தக் கலக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்றார். 1802இல் சான்சலர் எல்டன் இந்த எல்லையை விரித்தார். பித்து இல்லாவிட்டாலும், தம் காரியங்களைப் பார்க்க இயலாமல் எவராலும் ஏமாற்றப்படக்கூடிய நிலையில் இருப்பவருக்கும் பாதுகாப்புத் தரலாம் என்றார். 1890ஆம் ஆண்டின் சட்டம், நோயாலோ வயதாலோ வந்த மனத்தளர்ச்சி காரணமாகத் தம் காரியங்களை நிர்வகிக்க முடியாதவர் என்று வெளிப்படையாகவே எழுதியது. முதுமை தனிக் காரணமாகச் சட்டத்தில் இடம்பெற்றது அப்போதுதான்.

எல்டனின் இன்னொரு தீர்ப்பும் இன்றுவரை வாழ்கிறது. 1816இல், சித்தம் கலங்கிய ஹிண்டே என்பவரின் உபரி வருமானத்திலிருந்து அவருடைய உறவினர்களுக்கு உதவித்தொகை கேட்டு மனு வந்தது. அவர் நல்ல நிலையில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நீதிமன்றம் எண்ணிப் பார்க்கலாம் என்றார் எல்டன். தாய் தாம் நலமாக இருந்தபோது பேரனின் படிப்புக்குப் பணம் கொடுத்து வந்தார் என்றால், காப்பாளரும் அதைத் தொடர நீதிமன்றத்திடம் அனுமதி கேட்கலாம் என்ற இன்றைய விதி இந்தத் தீர்ப்பிலிருந்து வளர்ந்தது.

அமெரிக்கா: 'கன்சர்வேட்டர்' பிறந்த விதம்

அமெரிக்கக் குடியேற்றங்கள் ஆங்கிலச் சட்டத்தையே பின்பற்றின. 1641இல் மாசசூசெட்ஸ் வெளியிட்ட உரிமைத் தொகுப்பு, சித்தம் கலங்கியவர் செய்யும் நில விற்பனை பொது மன்றத்தின் ஒப்புதல் பெற்றால்தான் செல்லும் என்றது. விடுதலைக்குப் பின் அரசரின் இடத்தில் மாநிலங்கள் அமர்ந்தன. உயில்களையும் இறந்தவர் சொத்தையும் கவனித்த புரொபேட் நீதிமன்றங்களே இவ்வழக்குகளையும் விசாரித்தன. பிரெஞ்சு, ஸ்பானியச் சட்ட மரபு கொண்ட லூசியானா மாநிலத்தில் மட்டும் இன்றும் 'குராட்டர்' என்ற ரோமானியச் சொல்லே வழங்குகிறது.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை, காப்பாளரை நியமிக்க முதலில் அந்த முதியவரைத் 'திறனற்றவர்' என்று தீர்ப்பளிக்க வேண்டியிருந்தது. பெற்ற தாயைப் பற்றி அப்படி ஒரு தீர்ப்பை வாங்கப் பிள்ளைகள் தயங்கினர். அந்த முத்திரையைத் தவிர்ப்பதற்காகக் கலிபோர்னியா 1957இல் கன்சர்வேட்டர் என்னும் புதிய ஏற்பாட்டைச் சட்டமாக்கியது. பிற்காலச் சட்டத் திருத்தத்தால் அங்கே சிறுவர்களுக்கு மட்டும் 'கார்டியன்', பெரியவர்களுக்குக் 'கன்சர்வேட்டர்' என்று பிரிந்தது. 1969இல் மாநிலங்களுக்கு மாதிரியாக எழுதப்பட்ட சீரான புரொபேட் சட்டம், ஆளைப் பேணுபவரைக் கார்டியன் என்றும் சொத்தைப் பேணுபவரைக் கன்சர்வேட்டர் என்றும் அழைத்தது. இதனால் ஒரே சொல் மாநிலத்துக்கு மாநிலம் வேறு பொருள் தருகிறது.

காப்பாளர் செய்ய வேண்டியவை

கலிபோர்னியாவின் நடைமுறை இப்பதவியின் இயல்பை நன்கு காட்டும். மகளோ மகனோ மனு கொடுத்தவுடன் நெருங்கிய உறவினருக்கெல்லாம் அறிவிப்புச் செல்லும். மருத்துவர் ஒருவர் முதியவரின் திறன் பற்றிச் சான்று அளிப்பார். நீதிமன்ற விசாரணையாளர் நேரில் சென்று முதியவரிடமே பேசி அறிக்கை தருவார். பின்னர் நீதிபதி முன் விசாரணை நடக்கும். நியமன ஆணை கையில் கிடைத்த பிறகே வங்கி அவருடைய கையெழுத்தை ஏற்கும்.

அதன் பின் வரும் கடமைகளில் முக்கியமானவை பின்வருமாறு:

1. பிணை: சொத்தின் மதிப்பையும் ஆண்டு வருமானத்தையும் வைத்து ஒரு தொகைக்குப் பிணைப் பத்திரம் எடுக்க வேண்டும். காப்பாளர் பணத்தைக் கையாடினால் பிணை நிறுவனம் ஈடு செய்யும்.
2. சொத்துப் பட்டியல்: 90 நாட்களுக்குள் வீடு, வங்கிக் கணக்கு, பங்குகள், நகை என அனைத்தையும் மதிப்பிட்டுப் பட்டியல் தர வேண்டும்.
3. தனிக் கணக்கு: பெற்றோரின் பணத்தைத் தம் சொந்தப் பணத்தோடு ஒருபோதும் கலக்கக் கூடாது. கடனாகக்கூட எடுக்கக் கூடாது.
4. அனுமதி: வீட்டை விற்பது, அன்பளிப்பு கொடுப்பது போன்ற பெரிய செயல்களுக்கு நீதிமன்றத்தை அணுக வேண்டும்.
5. கணக்கு ஒப்படைப்பு: முதல் ஆண்டு முடிந்ததும், அதன் பின் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

இந்தக் கணக்கில் இரண்டு பக்கமும் சமமாக வர வேண்டும். எடுத்துக்காட்டாக, தொடக்கத்தில் 2,00,000 டாலர் இருந்து, ஆண்டில் 40,000 டாலர் வரவு வந்திருந்தால் காப்பாளர் 2,40,000 டாலருக்குப் பொறுப்பு. 55,000 டாலர் செலவுக்குச் சான்று காட்டினால் 1,85,000 டாலர் கையிருப்பில் இருந்தாக வேண்டும். ரசீது இல்லாத செலவை நீதிமன்றம் ஏற்க மறுத்தால் அந்தத் தொகையைக் காப்பாளர் தம் கையிலிருந்து கட்ட நேரலாம். அம்மாவுக்கு வாங்கிய மருந்துக்கும் பாலுக்கும் ரசீது வைப்பதா என்று நினைத்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கின்றனர்.

நீதிமன்ற ஆணையும் எல்லாக் கதவுகளையும் திறப்பதில்லை. அரசு தரும் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை முதியவருக்காகப் பெற, அந்த நிர்வாகத்திடம் தனியாக விண்ணப்பித்துப் 'பிரதிநிதிப் பெறுநர்' ஆக வேண்டும். இந்த ஏற்பாட்டின் தொடக்கம் 1939ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தில் உள்ளது. வழக்கறிஞர் கட்டணம், பிணைக்கான தொகை, காப்பாளரின் ஊதியம் ஆகிய அனைத்தும் வழக்கமாக முதியவரின் சொத்திலிருந்தே செல்வதால், சிறிய சொத்து உள்ள குடும்பங்களுக்கு இந்தப் பாதுகாப்பே பெரும் செலவாகிவிடுகிறது.

1987: கோப்புகளைத் திறந்தபோது

விதிகள் ஏட்டில் இருந்தன. அவற்றை யாரும் சரிபார்க்கவில்லை என்பது 1987இல் வெளிப்பட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் செய்தியாளர்கள் நாடு முழுவதும் 2,200க்கும் மேற்பட்ட காப்பாளர் வழக்குக் கோப்புகளை ஆராய்ந்தனர். ஏறத்தாழப் பாதிக் கோப்புகளில் ஏதேனும் ஓர் ஆண்டின் கணக்கு இல்லை. பல முதியவர்கள் தங்களுக்காக வாதாட வழக்கறிஞர் இல்லாமலும், விசாரணைக்கு நேரில் வராமலுமே உரிமைகளை இழந்திருந்தனர். அதே ஆண்டு நாடாளுமன்றப் பிரதிநிதிகள் அவையின் துணைக்குழு ஒன்று, முதியோர் நலனுக்காகப் போராடிய கிளாட் பெப்பர் தலைமையில் இதை விசாரித்தது. அக்குழு இந்நிலையைத் தேசிய அவமானம் என்று வருணித்தது.

இதன் விளைவாகப் பல மாநிலங்கள் சட்டங்களைத் திருத்தின. 1992இல் நியூயார்க் இயற்றிய சட்டம், ஒருவரை ஒட்டுமொத்தமாகத் திறனற்றவர் என்று அறிவிப்பதைக் கைவிட்டது. அவரால் எந்தெந்தக் காரியங்களைச் செய்ய முடியவில்லை என்று பார்த்து, அவற்றுக்கு மட்டும் காப்பாளருக்கு அதிகாரம் தந்தது. சோஃபக்ளீசின் கதை எழுப்பிய கேள்விக்கு இது ஒரு தாமதமான விடை.

ஆயினும் முறைகேடுகள் நிற்கவில்லை. 2010இல் அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான பொறுப்புடைமை அலுவலகம் 20 வழக்குகளை ஆராய்ந்தது. அவற்றில் காப்பாளர்கள் 158 பேரிடமிருந்து 54 லட்சம் டாலர் பறித்திருந்ததைக் கண்டது. அவ்வலுவலகம் போலியான அடையாளங்களைக் கொண்டு நான்கு மாநிலங்களில் விண்ணப்பித்துப் பார்த்தது. கடன் வரலாறு மோசமான ஒருவர், இறந்துபோனவரின் சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பயன்படுத்திய ஒருவர் என்று உருவாக்கப்பட்ட அந்தப் போலி நபர்கள் காப்பாளர் தகுதி பெறுவதை எவரும் தடுக்கவில்லை.

பவர் பத்திரமும் ஆஸ்டர் வழக்கும்

நீதிமன்றத்தின் செலவையும் தாமதத்தையும் தவிர்க்க இன்னொரு வழி உருவானது. நாம் பேச்சில் 'பவர்' என்று சொல்லும் அதிகார ஆவணம் பழைய ஆங்கிலச் சட்டப்படி, கொடுத்தவர் மனத்திறன் இழந்தவுடன் செல்லாததாகிவிடும். மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது பயனற்றுப் போனது. 1950களில் வர்ஜீனியா மாநிலம் இதை மாற்றி, திறன் இழந்த பின்னும் நீடிக்கும் அதிகார ஆவணத்தை ஏற்றது. 1979இல் இதற்கு மாதிரிச் சட்டம் வந்தது. சில ஆண்டுகளில் எல்லா மாநிலங்களும் இதைப் பின்பற்றின. இங்கிலாந்து 1985இல் ஒரு சட்டமும், அதற்கு மாற்றாக 2005இல் மனத்திறன் சட்டமும் இயற்றியது.

இந்த ஆவணத்தில் தமக்கு வேண்டியவரைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமை முதியவருக்குக் கிடைத்தது. ஆனால் பிணையும் இல்லை, கணக்கைக் கேட்க நீதிபதியும் இல்லை. இதன் ஆபத்தைக் காட்டியது நியூயார்க்கின் செல்வச் சீமாட்டி புரூக் ஆஸ்டர் வழக்கு. மறதி நோயால் பாதிக்கப்பட்ட அவருடைய பணத்தை அதிகார ஆவணத்தின் வழியே நிர்வகித்தவர் மகன் ஆந்தனி மார்ஷல். 2006இல் ஆஸ்டரின் பேரன், தம் தந்தையை நீக்கிக் காப்பாளரை நியமிக்குமாறு மனு கொடுத்தார். ஆஸ்டர் 2007இல் 105 வயதில் இறந்தார். 2009இல் மார்ஷல் குற்றவாளி எனத் தீர்ப்பானது. தாயின் பணத்தை நிர்வகித்ததற்காகத் தமக்குத் தாமே முன்தேதியிட்டு ஏறத்தாழ 10 லட்சம் டாலர் ஊதிய உயர்வு கொடுத்துக்கொண்டது அவர் மீதான முக்கியக் குற்றங்களுள் ஒன்று. அப்போது அவருக்கு வயது 85.

முதியவரின் சொல்லுக்கு இடம்

2008 முதல் 2021 வரை பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் கலிபோர்னியாவில் காப்பாளரின் கீழ் இருந்தார். இதில் பெரும்பகுதிக் காலம் சொத்துக் காப்பாளராக இருந்தவர் அவருடைய தந்தை. முதியவர்களுக்கென்று பெரும்பாலும் பயன்பட்ட சட்டம், வேலை செய்து பணம் ஈட்டும் இளம்பெண் ஒருவரைப் பதின்மூன்று ஆண்டுகள் கட்டுப்படுத்தியது உலகின் கவனத்தை ஈர்த்தது. 2021இலும் 2022இலும் கலிபோர்னியா சட்டத்தைத் திருத்தியது. காப்பாளரை நியமிக்கும் முன், உதவியுடன் முடிவெடுக்கும் முறை போன்ற எளிய வழிகள் போதுமா என்று பார்க்க வேண்டும் என்பது இதன் சாரம்.

ஐக்கிய நாடுகள் அவை 2006இல் ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12ஆம் பிரிவும் இதே திசையில் செல்கிறது. சட்டத்தின் முன் அனைவருக்கும் சமமான தகுதி உண்டு என்றும், அதைப் பயன்படுத்த வேண்டிய உதவியை அரசு தர வேண்டும் என்றும் அது கூறுகிறது. ரோமிலும் சான்சரியிலும் சொத்தைக் காப்பதே முதல் கவலையாக இருந்தது. சொத்துக்குரியவர் என்ன விரும்புகிறார் என்ற கேள்வி சட்டத்தின் மையத்துக்கு வந்தது அண்மையில்தான்.

இந்தியாவில்

ஆங்கிலச் சான்சரி முறை இந்தியாவுக்கும் வந்தது. 1858இல் இயற்றப்பட்ட மூன்று சட்டங்களில் 34ஆம் சட்டம் சென்னை, கல்கத்தா, பம்பாய் நகரங்களின் உச்ச நீதிமன்றங்களுக்கும், 35ஆம் சட்டம் மாவட்ட நீதிமன்றங்களுக்கும் சித்தம் கலங்கியவரின் சொத்துக்கு மேலாளரை நியமிக்கும் அதிகாரத்தைத் தந்தன. 36ஆம் சட்டம் மனநலக் காப்பகங்கள் பற்றியது. 1912ஆம் ஆண்டின் சட்டம் இவற்றை ஒன்றிணைத்தது. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்திலும் சொத்து மேலாளர் ஏற்பாடு தொடர்ந்தது.

2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் நோயாளியின் உரிமைகளை மையமாக்கியது. சிகிச்சை பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கவும், அதற்கான பிரதிநிதியை நியமிக்கவும் வழி செய்தது. ஆனால் சொத்து மேலாளர் பற்றிய பகுதி அதில் இடம்பெறவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்ற சில குறைபாடுகளுக்கே பொருந்தும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் வரம்புக்குட்பட்ட காப்பாளர் என்ற ஏற்பாடு உண்டு. கோமாவில் இருப்பவருக்கும் மறதி நோயாளிக்கும் தெளிவான தனி வழி இல்லாததால் குடும்பங்கள் உயர் நீதிமன்றங்களை நாடுகின்றன. 2019இல் கேரள உயர் நீதிமன்றம், கோமாவில் இருப்பவருக்குக் காப்பாளரை நியமிக்க வழிகாட்டு நெறிகளை வகுத்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம், கோமாவில் இருந்த ஒருவரின் சொத்தை நிர்வகிக்க அவருடைய மனைவியைக் காப்பாளராக நியமித்தது. இவ்வழக்குகளில் நீதிமன்றம் பயன்படுத்துவது, தன்னைக் காக்க இயலாதவருக்கு அரசே பெற்றோர் என்ற அதே பழைய ஆங்கிலக் கொள்கையைத்தான்.

அதிகார ஆவணத்தைப் பொறுத்தவரை இந்தியா பழைய விதியிலேயே நிற்கிறது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 201ஆம் பிரிவின்படி, அதிகாரம் கொடுத்தவர் மனநலம் இழந்தால் முகவரின் அதிகாரம் முடிந்துவிடும். மறதி நோய் வருமென்று அஞ்சும் ஒரு தந்தை, நாளை தம் பணத்தை எந்தப் பிள்ளை பார்க்க வேண்டும் என்று இன்றே எழுதிக் கொடுத்தாலும் அது தேவைப்படும் நாளில் செல்லாது. மற்ற நாடுகள் அரை நூற்றாண்டுக்கு முன்பிருந்தே அடைக்கத் தொடங்கிய இந்த இடைவெளி இங்கு இன்னும் திறந்தே இருக்கிறது. அது அடைபடும்போது, ஆவணம் எழுதும் உரிமையோடு கணக்குக் கேட்கும் ஏற்பாடும் சேர்ந்து வர வேண்டும் என்பதே மேற்கண்ட வரலாறு தரும் பாடம்.